ஜெனோவாவின் கால் காயவில்லை

கரிசலேந்தலில் பெரிய வியாழனன்று, சீடர்களின் நினைவாகக் கோயிலில் பாதம் கழுவப்பட்ட பன்னிரண்டு பேரில் பதினோரு பேருடைய கால்கள் சாமியார் துடைத்துவிட்ட துண்டிலேயே காய்ந்துபோயின. பன்னிரண்டாவதாக உட்கார்ந்திருந்த ஜெனோவாவின் கால் மட்டும் காயவில்லை, அன்றைக்குக் காயவில்லை, ஈஸ்டர் முடிந்தும் காயவில்லை, மிளகாய்க் களத்தில் கடைசி மூட்டையைத் தைத்து லாரியில் ஏற்றிய பிறகும் காயவில்லை. ஊர் அதைப் பார்த்து வாயைப் பிளக்காமல் இல்லை. பிளந்தது, பிறகு வேலை கிடந்ததால் மூடிக்கொண்டது.

பாதம் கழுவப்படப் போகிறவர்கள் வீட்டிலேயே காலைக் கழுவிக்கொண்டு வருவது அந்த ஊர் வழக்கம். கழுவுவதென்றால் சும்மா இல்லை. செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்த்து, நகம் வெட்டி, வெடிப்புகளில் தேங்காய் எண்ணெய் தடவி, சிலர் பவுடர்கூடப் போட்டு, வழியில் தூசி ஒட்டாமலிருக்க யாருடைய பைக்கிலாவது ஏறி, கோயில் வாசலில் காலைத் தரையில் வைக்காமல் இறங்க வழி பார்ப்பார்கள். சாமியார் குனியும்போது முகம் சுளித்துவிடக் கூடாதே என்ற மரியாதைதான். கோயில் வேலைகளையெல்லாம் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் கஸ்பார், பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் கால்களை ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பூசைக்கு மணி அடிப்பார்.

அந்த வருடம் பன்னிரண்டாவது ஆளாகப் பேர் கொடுத்திருந்த டிராக்டர் சூசை, பரமக்குடியில் வண்டி நின்றுபோய் வர முடியவில்லை. கஸ்பார் கோயிலுக்குள் கண்ணை ஓட்டினார். பின்கதவு ஓரத்தில், தோளில் பையுடன், அப்போதுதான் வேலை முடிந்து வந்த ஜெனோவா நின்றிருந்தாள்.

"பாப்பா, வா. வந்து உக்காரு."

"ஐயா, கால் ரொம்ப அழுக்கா இருக்கு."

"பாவாடைக்குள்ள இழுத்துக்க. கழுவுறப்ப மட்டும் காட்டினாப் போதும். சாமிக்குக் கண்ணாடி வேற போடணும், போடாமத் திரியுறாரு."

ஜெனோவாவின் வேலை, சுகாதார நிலையத்திலிருந்து சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கி மாதம் ஒருமுறை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. அவள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் அவள்தான். விலங்கியல் படித்தாள். கறுப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்கிய போட்டோ, வீட்டுச் சுவரில் மாதாவுக்குப் பக்கத்தில் மாதாவைவிடச் சற்றுப் பெரிதாக மாட்டியிருந்தது. அதனாலேயே அவளுக்கு எதிலும் பயம். மாத்திரைப் பட்டையை இரண்டு தடவை பார்த்துக் கொடுப்பாள். தெருமுனை வரை போனபின் திரும்பி வந்து, "பெரியம்மா, அதை ஒரு தடவை காட்டுங்க" என்று மூன்றாவது தடவையும் பார்ப்பாள். படித்த பிள்ளை தப்புப் பண்ணிவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அப்படிப்பட்டவள் பன்னிரண்டாவதாகப் போய் உட்கார்ந்தாள். பங்குச்சாமியார் ஃபாதர் இன்னாசி, அவளைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர், ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர், முழங்காலில் நகர்ந்து நகர்ந்து வந்து அவள் காலில் தண்ணீர் ஊற்றினார். தாம்பாளத்தில் விழுந்த தண்ணீர் கரிசல் மண் கரைந்து மைபோலக் கறுத்தது. பெண்கள் பக்கம் யாரோ இருமினார்கள். ஃபாதர் மறுபடி ஊற்றினார். இன்னும் கறுப்பு. விரல் இடுக்குகளைத் தன் விரலால் தேய்த்துக் கழுவி, மூன்றாவது தடவை ஊற்றி, துண்டால் துடைத்து, குனிந்து முத்தமிட்டார். ஜெனோவா அந்த நேரம் முழுக்க மேலே சுற்றிய மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து பெண்கள் பக்கம் நடந்தாள். அவளுக்குப் பின்னால், கழுவி மெழுகிய தரையில், ஐந்து விரலும் குதிகாலும் அச்சாக விழுந்த ஈரத் தடங்கள் பீடத்திலிருந்து பின்கதவு வரைக்கும் வரிசையாக வந்தன.

வீட்டு வாசலில் அவள் அம்மா அருளாயி நிறுத்தினாள்.

"ஏத்தா, காலைத் துடைச்சிட்டு உள்ள வர மாட்டியா?"

"துடைச்சேன்மா."

"எதை வச்சுத் துடைச்ச, தண்ணிய வச்சா?"

பழைய சேலையால் துடைத்தார்கள். சேலை நனைந்தது, கால் காயவில்லை. அடுப்புச் சூட்டில் காட்டினார்கள், சாம்பலில் வைத்தார்கள், சாம்பல் குழைந்தது. சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வியர்வை என்றார்.

"வியர்வைன்னா உப்பு இருக்கும், ஆடு வந்து நக்கும் டாக்டர். எங்க தெருவுல ஒரு ஆடுகூடச் சீண்டல."

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். "சரி, எதுக்கும் ஒரு பவுடர் எழுதித் தர்றேன்" என்றார்.

பவுடர் மாவாகக் குழைந்து செருப்பு வழுக்கியது. அவள் செருப்பை விட்டுவிட்டாள். சித்திரை வெயிலில் தார் ரோடு இளகிக் கிடந்தபோதும் அவள் கால் சுடவில்லை என்பது ஒரு சௌகரியம்தான். ஊரும் தன் சௌகரியத்தைப் பார்த்துக்கொண்டது. டீக்கடை காசிம் பாய், கடை வாசலில் புழுதி அடங்கவில்லை என்று சொல்லி, "தாயி, இங்கேருந்து அங்க ரெண்டு நடை நடந்துட்டுப் போ" என்று கூப்பிட்டு டீ கொடுத்தார். வாசல் பெருக்கும் பெண்கள், அவள் வரும் நேரம் தெரிந்து விளக்குமாற்றோடு காத்திருந்தார்கள். மிளகாய் காயப் போட்டவர்கள் மட்டும் தூரத்தில் அவளைக் கண்டதுமே, "ஆத்தா, நீ மகராசி, ஆனா களத்துப் பக்கம் வந்துராத" என்று கும்பிட்டார்கள். குடிக்கத் தண்ணீர் தேடி அலைந்த தவிட்டுக்குருவிகள் அவள் பின்னால் தடம் தடமாகத் தத்தித் தத்தி வந்து, வெயில் குடிப்பதற்கு முன் தாங்கள் குடித்தன. மாத்திரை வேண்டியவர்கள் போன் போடுவதை நிறுத்தினார்கள். தெருவில் இறங்கி, தடம் போகும் திக்கைப் பார்த்து, ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று கவனித்து, "இப்பத்தான் மேலத்தெருவுக்குத் திரும்பியிருக்கா" என்று கண்டுபிடித்தார்கள்.

கண்டுபிடிக்க வேண்டாததையும் கண்டுபிடித்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவள் தடம் பஸ் நிறுத்தத்துச் சிக்கன் கடைக்குப் போய்ப் பத்து நிமிடம் நின்று திரும்பியிருந்தது. வெள்ளிக்கிழமை கவுச்சி தொடாத ஊர் அது. மறுநாள் கஸ்பார் அவளைப் பார்த்து, "நேத்து மாத்திரை யாருக்கு பாப்பா, கோழிக்கா?" என்று கேட்டார். அவள் ஒரு வாரம் தலை நிமிரவில்லை.

இன்னொரு பக்கம், தினமும் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியிடம் குரலை உயர்த்தும் சவரிநாயகம், தன் வீட்டுப் படியில் ஈரத் தடம் ஏறியிருப்பதைக் கண்டு, உள்ளே ஜெனோவா இருக்கிறாள் என்று நினைத்து வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்து போதை தெளியும்வரை காத்திருந்தான். அவள் எப்போதோ போய்விட்டிருந்தாள். அவன் பெண்டாட்டி அதற்குப் பிறகு, சாயங்காலமானால் சொம்பில் கையை நனைத்துத் தானே படியில் பாத அச்சு வைத்துப் பழகிக்கொண்டாள் என்றும் பேச்சு.

ஜெனோவாவுக்கும் நடை மாறியது. முன்பெல்லாம் மாத்திரைப் பட்டையைச் சரிபார்ப்பதோடு சரி, அவசரத்தில் தெருவிலிருந்தே "மாத்திரை வச்சிட்டேன்" என்று குரல் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். சர்க்கரை இருப்பவர்களின் உள்ளங்காலை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது வேலையில் ஒரு விதி. பாதிப் பேருக்குப் பார்க்காமலே, பார்த்ததாகச் சுகாதார நிலையக் கணக்கில் போனிலேயே தட்டிவிடுவாள். இப்போது தடம் சொல்லிவிடும். திண்டாட்டமாகிவிட்டது. அதனால் உள்ளே போனாள், கட்டிலருகே குந்தினாள், "காலைக் காட்டுங்க பெரியப்பா" என்றாள், முள் தைத்ததையும் கொப்புளம் கட்டியதையும் கண்டாள், மருந்து போட்டாள், போட்டுவிட்டு அவர்கள் மகன்களைப் பற்றிச் சொன்னதைக் கேட்டாள். முதலில் பயத்தில் போனாள், பிறகு பழக்கத்தில் போனாள், பிறகு போகாவிட்டால் அவளுக்கே என்னவோபோல் இருந்தது. ஊரில் எல்லா வீட்டுப் படியிலும் அவள் தடம் ஏறி இறங்கியது, ஒரே ஒரு வீடு தவிர.

அது மதலேனம்மாள் வீடு. கோயில் தெருவில் பச்சை இரும்புக் கதவு போட்ட பெரிய வீடு. மகன் கனடாவில். வேலைக்காரப் பெண் நின்றுபோய், மெஸ்ஸிலிருந்து வரும் சாப்பாட்டு அடுக்கைத் தெருவோர ஜன்னல் கம்பி வழியாக வாங்கிக்கொண்டு அம்மாள் தனியாக இருந்தாள். சர்க்கரை அவளுக்கும் உண்டு. ஜெனோவா மாதாமாதம் மாத்திரைப் பையை அந்த இரும்புக் கதவின் கொக்கியில் மாட்டுவாள், தெருக்காரர்கள் பார்க்க ஒரு நிமிடம் நிற்பாள், திரும்பிவிடுவாள். தடம் கதவு வரை வந்து, நின்ற இடத்தில் கையளவு குட்டையாகத் தேங்கி, வந்த வழியே திரும்பிப் போனதை ஊர் முழுக்கப் பார்த்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஏனென்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கதவுக்கு வெளியே தெருக்குழாய் இருக்கிறது. கோயிலில் எல்லோருக்கும் ஒரே பெஞ்சு, குழாயில் வேறு வேறு வரிசை என்றிருந்த காலத்தில், தண்ணீர் நின்றுவிடப்போகிற அவசரத்தில், அருளாயி தன் அலுமினியக் குடத்தைக் கோயில் தெருக்காரர்கள் வரிசைக்கு முன்னால் வைத்துப் பிடித்துவிட்டாள். மதலேனம்மாள் படியிறங்கி வந்து, நிறைந்த குடத்தைக் காலால் எட்டி உதைத்தாள். குடம் உருண்டு நசுங்கி ஓடையில் போய் நின்றது. அருளாயி குடத்தை எடுத்துக்கொண்டாள், மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள், அன்றிலிருந்து ஊருக்கு வெளியே பள்ளிக்கூடத்துக் குழாயில்தான் தண்ணீர் எடுத்தாள். சின்னக் குடத்தோடு பக்கத்தில் நின்றிருந்த ஜெனோவா அப்போது ஏழாம் வகுப்பு. அதற்குப் பிறகு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்தால், அவள் எப்போதும் மதலேனம்மாள் இல்லாத பக்கமாகத் திரும்பிக் கும்பிடுவாள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நடுவிலிருந்து மதலேனம்மாள் கோயிலுக்கு வருவதே நின்றுபோனது. ஃபாதர் போய்க் கூப்பிட்டபோது, "நல்லாத்தான் இருக்கேன் சாமி" என்று ஜன்னலிலிருந்தே சொல்லி அனுப்பிவிட்டாளாம். ஜெனோவா ஏன் என்று யோசிக்கவில்லை. இரண்டு பக்கமும் திரும்பிச் சமாதானம் சொல்ல முடிவது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஒரு நாள் அருளாயி காம்பு கிள்ளக் கொடுத்த மிளகாய்க் குவியல் முன் உட்கார்ந்தபடி பேச்சை எடுத்தாள்.

"ஊரே பாக்குதுத்தா."

"எதை?"

"அந்த வாசல்ல தேங்கிக் கிடக்குதே, அதை. போறதுன்னா உள்ள போகணும், இல்லைன்னா போகாம இருக்கணும். கதவுகிட்ட நின்னுக்கிட்டு அங்க என்ன செய்ற?"

"அந்தம்மா உன் குடத்தை உதைச்சது உனக்கு மறந்துபோச்சா?"

"எப்படி மறக்கும்? நசுங்கின குடத்துலதானே அரிசி போட்டு வச்சிருக்கேன், தினம் கைய விடுறேன். குடம் என்னோடது. கோபத்தை எதுக்கு நீ தூக்கிச் சுமக்குற?"

"நீ கோபப்படலயே, அதான்."

"கோபப்படலன்னு யாரு சொன்னா?" அருளாயி ஒரு மிளகாயைக் கிள்ளிப் போட்டாள். "பட்டேன். பள்ளிக்கூடத்துக் குழாய்க்கு நடந்து நடந்து அது தேஞ்சுபோச்சு. நடந்தவ நான். நீ உக்காந்து படிச்சிட்டு இருந்த, அதான் உனக்கு அப்படியே இருக்கு."

ஜெனோவா நிமிர்ந்து பட்டம் வாங்கிய போட்டோவைப் பார்த்தாள். அது பதில் சொல்லும் போட்டோ இல்லை.

இப்படியிருக்கும்போது, கீழத்தெருவில் கண் மங்கிய கிழவி ஒருத்தி, ஜெனோவாவின் தடத்தில் பஞ்சை ஒற்றி இமையில் வைத்துக்கொள்வதை அவள் பார்த்துவிட்டாள். இன்னொரு வீட்டில் தடத்தைச் சுற்றி நான்கு செம்பருத்திப் பூ வைத்திருந்தார்கள். அவள் பதறிப்போய் ஃபாதர் இன்னாசியிடம் ஓடினாள். அவர் கோயில் தோட்டத்தில் முருங்கைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், பூசையில சொல்லி இதையெல்லாம் நிறுத்துங்க. நான் அப்படிப்பட்டவ இல்ல."

"எப்படிப்பட்டவ?"

"பூ வைக்கிற அளவுக்கு."

"சொல்றேன். பஞ்சு விஷயம் கண்ணுக்கும் நல்லதில்ல." அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "உன் காலைப் பத்தி ஆயரில்லத்துல பிஷப்புக்குக்கூட எழுதிக் கேட்டேன். வெயில் காலம் முடியட்டும், பார்க்கலாம்னு பதில் வந்திருக்கு."

"ஒரு வீட்டுக்குள்ள மட்டும் நான் போறதே இல்ல ஃபாதர்."

"தெரியும். நானும் அந்தத் தெருவுலதான் நடக்குறேன்."

அதற்கு மேல் அவர் ஏதாவது சொல்வார் என்று அவள் நின்றாள். அவர் முருங்கைக்குத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டார். அவள் நின்ற இடத்தில் மண் குழைந்திருந்தது.

ஆனி பிறந்ததும் அந்த மாதத்து மாத்திரைகள் வந்தன. ஜெனோவா ஒவ்வொரு வீடாக முடித்துக்கொண்டு, வழக்கம்போலக் கடைசியாகப் பச்சைக் கதவுக்கு வந்தாள். கொக்கியில் பையை மாட்டக் கையைத் தூக்கினாள். கொக்கியில் இடமில்லை. போன மாதப் பை அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் நிறம் வெளுத்து, ஓரத்தைக் காக்கை கொத்தி, மாத்திரைப் பட்டையின் வெள்ளி முனை வெளியே தெரிந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்தத் தடவை தெருவுக்காக நிற்கவில்லை. வீட்டு வாசற்படிக்கும் கதவுக்கும் நடுவில் பத்தடி சிமெண்ட் தரை இருந்தது. ஒரு மாதமாக அந்தப் பத்தடியை ஒரு மனுஷி நடந்து வரவில்லை. நடக்க முடியாதவளுக்கு எட்டாத இடத்தில் மருந்தை மாட்டிவிட்டு, உள்ளங்காலைப் பார்த்ததாகப் போனில் தட்டிவிட்டு, பூ வைக்கிற கால்களோடு ஜெனோவா ஊரைச் சுற்றி வந்திருக்கிறாள்.  இரும்புக் கதவைத் தள்ளினாள். துருவேறிய கீல் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தியது. குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை மறந்து பார்த்தார்கள், குடம் வழிந்தது.

வீட்டுக்குள் முதலில் வந்தது வாடை. அது என்ன வாடை என்று அவளுக்குத் தெரியும்.

"தரை வழுக்கும். பாத்து வா" என்றது ஜன்னலோரக் கட்டிலிலிருந்து ஒரு குரல். மதலேனம்மாள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் பாதியாகியிருந்தது, நாக்கு அப்படியே இருந்தது. "என் வீட்டுத் தரை வழுக்காது. உன் காலைச் சொல்றேன்."

"துடைச்சாலும் காயாதுங்க."

"அது எனக்குத் தெரியாதா? இந்த ஜன்னல்லேருந்து மாசாமாசம் பாக்குறேன். வருவ, நிப்ப, குட்டை கட்டுவ, போவ. குருவி வந்து குடிச்சிட்டுப் போகும்."

"மாத்திரைய எடுக்கலயே. கூப்பிட்டிருக்கலாம்ல?"

"எப்படிக் கூப்பிடுறது?" மதலேனம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "யாரைப் போயிக் கூப்பிடுறேன்னு எனக்கு ஒரு இது இருக்காதா?"

இடது கால் பழைய சேலைத் துணியால் சுற்றியிருந்தது. ஜெனோவா கட்டிலடியில் குந்தினாள். துணியை மெல்லப் பிரித்தாள், ஒட்டிய இடத்தைத் தண்ணீர் விட்டு நனைத்துப் பிரித்தாள். சுண்டுவிரல் கறுத்திருந்தது, அதற்குக் கீழே உள்ளங்காலில் புண் குழிந்து கிடந்தது. வலி தெரியாத கால் என்பதால் தவக்காலத்தில் ஏறிய ஒரு முள் இவ்வளவு தூரம் வந்திருந்தது. அவள் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, தாம்பாளத்தைக் கொண்டுவந்து, அந்தக் காலைக் கையில் ஏந்தினாள். எலும்பும் தோலுமாக, நினைத்ததைவிட லேசாக இருந்தது. தண்ணீர் ஊற்றினாள். கலங்கி வந்தது. மறுபடி ஊற்றினாள். விரல் இடுக்குகளைப் பஞ்சால் துடைத்து மூன்றாவது தடவையும் ஊற்றினாள்.

குனிந்து கழுவும்போது, குடத்தை உதைத்தது இந்தக் கால்தானா என்று நினைத்துப் பார்த்தாள். அன்றைய காலைப்பொழுது முழுவதும் அவளுக்கு மனப்பாடம்: அன்றைய வெயில், அம்மாவின் சேலை நிறம், குடம் உருண்ட சத்தம், ஓடையில் போன தண்ணீர். எந்தக் கால் என்பது மட்டும் நினைவில் இல்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. இத்தனை வருடமும் அந்தக் காலைத்தான் மனதில் வைத்திருந்தோம் என்று நினைத்தவளுக்கு, அது இடதா வலதா என்றுகூடத் தெரியவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

"என்னத்துக்குச் சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா. ஆட்டோ கூப்பிடுறேன். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"கால எடுத்துருவாங்களா?"

குரலில் இருந்த திமிர் முழுக்க அந்த ஒரு கேள்வியில் வடிந்துவிட்டது. ஜெனோவா எதையும் இரண்டு தடவை பார்க்காமல் சொல்கிறவள் இல்லை. புண்ணை இன்னொரு முறை பார்த்தாள். "தெரியல பெரியம்மா. ஆனா நான் கூடவே இருப்பேன்" என்றாள்.

எடுக்கவில்லை. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார், சுண்டுவிரலோடு நின்றது. பெண்கள் வார்டில் துணைக்குப் பெண் ஆள் வேண்டும், கனடாவிலிருந்து மகன் வர நாளாகும், ஜெனோவாவுக்கு வேலை இருக்கிறது என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அருளாயி மாற்றுச் சேலையைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அந்த வார்டில் இருந்தவர்கள், இரண்டு பேரும் அக்கா தங்கைகள் என்றே நினைத்தார்களாம், அவ்வளவு சண்டை.

"கஞ்சியில உப்பா போட்ட, கடலையே கரைச்சு ஊத்துனியா?"

"குடிங்க. உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

குடத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஜெனோவா வீடு திரும்பிய சாயங்காலம், வாசல் மண்ணில் நடந்து, படியேறி, உள்ளே போய், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். தரையில் ஒன்றுமில்லை. காலைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. வெடிப்புகளும் தூசியுமாக, எல்லார் காலையும்போல ஒரு கால். மறுநாள் தெருவில் குருவிகள் கொஞ்ச தூரம் அவள் பின்னால் வந்து பார்த்துவிட்டுப் பறந்துபோயின. காசிம் பாய் தரையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், "சரி, போகுது, நான் வாளியில தெளிச்சுக்கறேன்" என்று டீயைக் கொடுத்தார். மிளகாய்க்காரர்கள் காலியான களத்துக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. கூடவே, கையிலிருந்ததை யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டதுபோலவும் இருந்தது.

அடுத்த மாதம் மாத்திரையோடு முதல் வீட்டு வாசலில் நின்றபோது, உள்ளே போனாளா இல்லையா என்று இனி எந்தத் தரையும் சொல்லப்போவதில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. தெருவில் ஆளில்லை. போன் கையில் இருந்தது. ஒரு நிமிடம் நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, "காலைக் காட்டுங்க பெரியப்பா" என்று உள்ளே போனாள். அன்றைக்குத் தூங்கப் போகும்போது, யாருக்கென்று பேர் சொல்லாமல், எதற்கென்றும் சொல்லாமல், படுக்கையில் கையைக் கூப்பி நன்றி என்றாள். அதற்குப் பிறகு அது தினமும் நடந்தது.

அடுத்த பெரிய வியாழன் வந்தது. கஸ்பார் டார்ச்சை எடுத்துக்கொண்டு பெஞ்சருகே போனவர், தலையில் கை வைத்துக்கொண்டார். ஒருத்தரும் காலைக் கழுவிக்கொண்டு வரவில்லை. டிராக்டர் சூசை வயலிலிருந்து நேராக வந்திருந்தான், சவரிநாயகம் வேண்டுமென்றே ஓடையில் இறங்கி ஏறியிருந்தான், ஒருத்தர் சாணியைக்கூட விட்டுவைக்கவில்லை. "அப்போஸ்தலர்களா, எருமைகளாடா நீங்க?" என்று கஸ்பார் பல்லைக் கடித்தார். ஃபாதர் இன்னாசி, இப்போது கண்ணாடி போட்டிருந்தார், அந்தக் கால்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, அங்கியின் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டார். அன்றைக்கு நான்கு வாளித் தண்ணீர் போனது. பன்னிரண்டாவது இடத்தில், கைத்தடியோடு, ஒரு காலில் நான்கு விரல்களோடு மதலேனம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பெஞ்சுவரை கைப்பிடித்துக் கொண்டுவந்து விட்டது அருளாயி.

பூசை முடிந்து, தரையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, ஜெனோவா எல்லோருக்கும் கடைசியாக வெளியே வந்தாள். தெருவிளக்கு அப்போதுதான் எரிந்திருந்தது. கோயில் படியில் முதல் தடத்தைப் பார்த்தாள். ஐந்து விரல் அச்சு ஒன்று, நான்கு விரல் அச்சு ஒன்று, பக்கத்தில் கைத்தடி ஊன்றிய புள்ளி. ஈரம் பளபளத்தது. அவள் மிதித்துவிடாமல் ஓரமாக அதன் கூடவே நடந்தாள். தடம் கோயில் தெருவில் மெல்ல மெல்லப் போனது, நின்று இளைப்பாறிய இடங்களில் சற்றுத் தேங்கியது, பச்சைக் கதவுக்கு வந்தது. கதவில் திரும்பவில்லை. குழாயடியைத் தாண்டியது. யாரோ வைத்துவிட்டுப் போயிருந்த வாளியைச் சுற்றிக்கொண்டு போனது. இதுவரை அந்தக் கால் மிதித்தே இராத சந்துக்குள் இறங்கி, வளைந்து, ஜெனோவாவின் வீட்டுப் படியில் ஏறி, உள்ளே போயிருந்தது.

உள்ளே அம்மாவின் குரல் கேட்டது.

"தரையெல்லாம் ஈரமாக்கிட்டீங்களே."

"துடைக்க ஒரு துணி இருந்தா கொடு அருளாயி."

"கிடக்கட்டும், அது காயாது" என்றாள் அம்மா. "உக்காருங்க. சோறு வடிக்கிறேன்." பிறகு அரிசி அளக்க நசுங்கின குடத்துக்குள் கை போகும் சத்தம் கேட்டது.